பானுப்பிரியாவின் சல்லடை

சிவகாசி அச்சகங்களில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை வருசம் ஆச்சு என்று சொல்வதில்லை, எத்தனை சீசன் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பானுப்பிரியாவுக்கு அது ஏழாவது சீசன். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரி ஆல்பங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வெளியே எடுப்பார்கள். அன்றிலிருந்து மார்கழி பிறக்கும் வரை யாருக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. பானுப்பிரியாவுக்கு அந்த மாதங்கள் பிடிக்கும். மற்ற மாதங்களில்தான் ஆட்கள் பேச வருவார்கள்.

அவள் பேசவே மாட்டாள் என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்வாள். பைண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், "பானு பேசுறதுக்கும் கரண்டு பில்லு வருமாம்டி" என்று கேலி செய்வார்கள். அவள் லேசாகச் சிரித்துவிட்டு கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மெஷினுக்காகப் போட்ட ஏசி அங்கே ஓடிக்கொண்டிருக்கும். காலண்டர் அட்டைக்குப் படம் சேர்ப்பது, கடைப் பெயரை அடிப்பது, அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்புவதற்கு முன் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது அவள் வேலை. சீசன் இல்லாத நாட்களில் பூப்புனித நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள்.

வீடு திருத்தங்கல்லில். அம்மா வேலுத்தாய் பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலிக்கிறவள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தால் அவர் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைப்பார். சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால், எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் போன் போகும். ஆணிகளில் தொங்கும் பைகள் அத்தனையும் ஒன்றாக அலறும். எடுக்க ஆள் இருக்காது.

அந்த நேரத்தில்தான் பானுப்பிரியாவின் போனில் படங்கள் வந்து கொட்டும். போன வருசத்துத் தீயை இன்றைக்கு என்று அனுப்புவார்கள். வேறு மாநிலத்துப் புகையை ஆலங்குளத்துப் பக்கம் என்பார்கள். ஒரு தடவை அம்மாவின் கம்பெனிப் பெயரைப் போட்டே ஒரு வீடியோ வந்தது. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால் கம்பெனி முழுதாக இருந்தது. வேலுத்தாய் வேப்ப மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்ன புள்ள, லீவா?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் பானுப்பிரியா ஃபீட் ரீடர் என்ற மென்பொருளை வீட்டு லேப்டாப்பில் ஏற்றினாள். பாலிடெக்னிக்கில் படித்தபோது சீனியர் ஒருத்தி காட்டிக்கொடுத்தது. நமக்கு வேண்டிய சேனல்கள், செய்தித் தளங்கள், ஆட்களின் பக்கங்கள் எல்லாவற்றையும் அது போய்ப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் ஒரே இடத்தில் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும். இன்ன சொல் இருந்தால் தள்ளிவிடு, இன்ன ஊர்ப் பெயர் இருந்தால் மேலே வை என்று நாம் விதி எழுதிக்கொள்ளலாம். அதை எழுதியவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஏதேதோ நாடுகளில் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருந்தார்கள். காசு கிடையாது. உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். அதில் தமிழில் இல்லாமல் கிடந்த சில சொற்களை அவள் தமிழாக்கி அனுப்பினாள். சேர்த்துக்கொண்டு, நன்றி என்று ஒரு வரி எழுதினார்கள். அந்த அளவுப் பழக்கம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வேலுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இது என்ன செய்யும்?"

"வேண்டாதத நிறுத்திரும்மா."

"சல்லடையா?"

"அப்படித்தான்."

"சல்லடைன்னா அடிக்கடி தட்டிப் பாக்கணும். மேல நிக்கிறதுல என்ன கெடக்குன்னு பாக்காமக் கொட்டிறக் கூடாது. ஒரு சின்னக் கல்லு ஒரசினாப் போதும் எங்களுக்கு, தீப்பிடிச்சிரும்."

"இதுல கல்லு இல்லம்மா."

"பெறகென்ன சல்லடை," என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் உலை வைக்கப் போனாள்.

அச்சகத்தில் மேனேஜராக இருந்தவர் சங்கையா. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காலண்டர் ஆர்டரானாலும் பிளேட் போடுவதற்கு முந்தின நாள் அந்தக் கடைக்குப் போன் செய்வார். மெஷின் சத்தத்தில் பழகிய குரல், தெருவுக்கே கேட்கும். "அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கீகளா? அம்மா எப்படி இருக்காக? அப்பா? பெரியவரு எந்திரிச்சு நடமாடுதாகளா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காகதானே?" என்று ஒவ்வொருவராக விசாரித்து முடித்த பிறகுதான், போன் நம்பர் அதேதானே, கிளை ஏதும் புதுசாகத் திறந்தீர்களா என்று வேலைக்கு வருவார். கதவைச் சாத்தினாலும் அந்தக் குரல் உள்ளே வரும். ஒரு நம்பரைச் சரிபார்க்க இவ்வளவு பேச்சு எதற்கு என்று பானுப்பிரியா நினைத்துக்கொள்வாள்.

அந்த வருசம் சித்திரையில் சங்கையா இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். முதலாளி சீனிவாசகம் அவருடைய போனை எடுத்து வந்து பானுப்பிரியாவின் மேஜையில் வைத்தார்.

"இனிமே நீதாம்மா பேசணும். மேட்டர் பாக்கிறவளே பேசிட்டா தப்பு வராது."

அவள் போனைப் பார்த்தாள். முதல் வாரம் இரண்டு கடைகளுக்குப் பேசினாள். ஒருத்தர், "யாரும்மா? சங்கையா எங்க? அவருக்கு என்ன? எப்ப ஆபரேஷன்? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுக்கொண்டே போனார். இன்னொருத்தர் அவளுடைய ஊர் எது, அப்பா பெயர் என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். போனை வைத்தபோது வெகுநேரம் ஆகியிருந்தது. கடை நம்பரைக் கேட்க மறந்திருந்தாள்.

மறுநாள் முதலாளியின் மகன் ஹரிபிரசாத்திடம் போய் நின்றாள். அவன் எம்பிஏ படித்துவிட்டு வந்து இரண்டு வருசமாகத் தொழிலைப் பார்க்கிறான்.

"சார், கஸ்டமர் எல்லாரும் ஏதாச்சும் ஒரு எடத்துல போஸ்ட் போடுறாங்க. டெலிகிராம்ல, பேஸ்புக்ல, யூடியூப்ல. புது நம்பர், புதுக் கிளை, எதுன்னாலும் அதுலதான் மொதல்ல போடுவாங்க. எல்லாத்தையும் ஒரே எடத்துல திரட்டிப் பாக்கலாம்."

"எம்புட்டு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சும்மா கெடைக்குது. ஓரமாக் கெடக்கிற பழைய சிஸ்டம் போதும்."

"அப்ப போன் பண்ண வேண்டாமா?"

"தேவைப்படாது சார்," என்றாள். அவள் அவனிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

டெலிகிராம் சேனல்கள் எளிதாக வந்தன. பேஸ்புக்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தது. அதற்கும் யாரோ பாலம் போல ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார்கள். அது பாதி நாள் வேலை செய்யும், பாதி நாள் படுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் ஆர்டர் கொடுத்த கடைகள் பெரும்பாலும் உள்ளே வந்துவிட்டன. முதல் நாள் காலையில் திறந்து பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. முருகன் படத்தோடு காலை வணக்கம், ரோஜாப் பூவோடு காலை வணக்கம், அண்ணனுக்குப் பிறந்தநாள், மாமனுக்குப் பதவி, யாரோ வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து. அதற்கு நடுவில் நாலைந்து பதிவுக்கு ஒன்றாகக் கண்ணீர் அஞ்சலி. யாருடைய தாத்தா, எந்த ஊர், எதற்கு இங்கே என்று தெரியாத முகங்கள். வியாபாரிகள் சேனல் என்றால் எல்லாருடைய துக்கமும் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும்.

அவள் விதிகள் எழுத ஆரம்பித்தாள். 'காலை வணக்கம்' இருந்தால் தள்ளு. 'பிறந்தநாள்' இருந்தால் தள்ளு. 'பூப்புனித' தள்ளு. 'கண்ணீர் அஞ்சலி' தள்ளு. கடைசி விதியை எழுதும்போது கை தயங்கவில்லை. வீட்டு லேப்டாப்பில் அது முதல் நாளிலிருந்தே இருந்தது. வருசத்தில் பாதி நாள் அந்த முகங்களைக் கறுப்புப் பின்னணியில் வைத்து, தோற்றம் இத்தனாம் தேதி, மறைவு இத்தனாம் தேதி என்று அடித்துக்கொண்டிருப்பவள் அவள். வேலை நேரம் போக மீதி நேரத்திலும் அவர்களைப் பார்க்க வேண்டுமா?

மறுநாள் காலையில் ஏழெட்டு வரிகள்தான் இருந்தன. அத்தனையும் வேண்டிய வரிகள். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவளுக்கு உண்டான நிம்மதியை யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் அது பெரிய நிம்மதிதான்.

ரீடர் நன்றாகவே வேலை செய்தது. காரியாபட்டி உரக்கடை ஒன்று போன் நம்பரை மாற்றியதை பிளேட்டுக்கு முந்தின நாள் பிடித்துக் கொடுத்தது. ஒரு பாத்திரக்கடை பெயரில் '& சன்ஸ்' சேர்ந்ததைச் சொன்னது. ஹரிபிரசாத் வந்த ஆட்களிடமெல்லாம் அதைக் காட்டினான். சீனிவாசகம் மட்டும் கடந்து போகும்போது கேட்பார்.

"அதெல்லாம் சரி. போன் பண்ணியாம்மா?"

"பாத்துட்டேன் முதலாளி."

அவர் கேட்டதும் இவள் சொன்னதும் வேறு வேறு என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த தனுஷ்கோடி அண்ணாச்சி ஆடி மாதக் கடைசியில் ஆர்டர் கொடுக்க நேரிலேயே வந்தார். சட்டை, துண்டு, கையில் இருந்த மஞ்சள் பை எல்லாவற்றிலும் வத்தல் நெடி. அவர் உள்ளே வந்ததும் ஏசி அறையில் பானுப்பிரியாவுக்கு இரண்டு தும்மல் வந்தது.

"ஆயுசு நூறு," என்றார் அவர். "எனக்கா ஒனக்கான்னு பெறகு பாத்துக்கிடலாம். காலண்டர் போடணும் தாயி."

"வழக்கம் போல முருகன் படமா?"

"முருகன் இந்த வருசம் லீவு. கடைக்கு அம்பது வருசம் ஆகுதுல்லா. எங்க வீட்டம்மா ஒத்தக் கால்ல நிக்கா, ஒம் மூஞ்சியத்தான் போடணும்னு. யாரு பாக்கப் போறான்னேன். நான் பாக்கேன்னுட்டா."

பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கட்சி மாநாட்டுப் படம் போல விறைப்பாக இருந்தது. அவரே அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது கடன் கேக்க வந்தவன் மாதிரில்லா இருக்கு. பல்லு தெரியணும் தாயி. யாவாரிக்குப் பல்லு தெரியணும்."

"வேற படம் இருக்கா?"

"நீயே எடு."

பானுப்பிரியா தன் போனில் எடுத்தாள். அவர் சிரிப்பதற்கு அவள் ஏதாவது சொல்ல வேண்டும் போலக் காத்திருந்தார். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அப்போது மறுபடியும் தும்மல் வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் படம். அதன் கீழே, 'உங்கள் வரவை எதிர்பார்த்துக் கடையில் காத்திருக்கும் தனுஷ்கோடி' என்று போடச் சொன்னார்.

ஐப்பசியில் ப்ரூஃப் அனுப்பினாள். வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிப் பதில் வந்தது. அவருடைய மகன் அன்பரசன் கடைப் பெயரில் டெலிகிராம் சேனல் நடத்தி, தினமும் வத்தல் விலை போடுவான். அது ரீடரில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கார்த்திகை பிறந்து பிளேட்டுக்கு அனுப்பிய நாளில் கடையின் வரிசையை எடுத்துப் பார்த்தாள். புது நம்பர் இல்லை, புதுக் கிளை இல்லை. இரண்டு நாளாக வத்தல் விலையும் இல்லை. வரத்து இருந்திருக்காது என்று நினைத்தாள். வந்ததைக் காட்டத்தான் அந்த ரீடருக்குத் தெரியும். வராமல் போனதைக் காட்டும் வசதி அதில் இல்லை.

அட்டைகள் அச்சாகி, மினுமினுப்பு ஏற்றி, வெட்டி, தேதித்தாள் கட்டுப் பொருத்தி வந்தன. முதல் கட்டை நல்ல நாள் பார்த்து முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும், சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வியாபாரிகள் காலண்டரை வெளியே கொடுப்பார்கள். வேலை முடிந்த அன்று வளர்பிறை முகூர்த்தம் என்பதால் அண்ணாச்சியின் முதல் கட்டு பார்சல் லாரியில் போனது. மறுநாள் மீதிக் கட்டுகளை முனியராஜ் தன் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். மேலே இருந்த கட்டில் ஒட்டியிருந்த மாதிரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஏ பானு. இவருக்கா லோடு போகுது?"

"ஆமாண்ணே. விருதுநகர்."

"இவரு போயிட்டாரே."

"எங்க?"

முனியராஜ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன புள்ள, எங்கங்கிற? ரெயில்வே கேட்டுச் செவத்துல போஸ்டர் ஒட்டியிருக்கு. பதினாறாம் நாளு இன்னும் வரல போல. நீ பாக்கலையா? நாள் முழுக்க அதத்தான பாத்துக்கிட்டு இருக்க?"

அவள் உள்ளே போனாள். ரீடர் தள்ளியதை உடனே அழிப்பதில்லை, ஒரு ஓரத்தில் குவித்து வைக்கும். அந்தக் குவியலை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. கடைப் பெயரைக் கொடுத்துத் தேடினாள். பிளேட்டுக்கு இரண்டு நாள் முந்தைய தேதியில் அன்பரசன் போட்டிருந்தான். முதல் வரியே கண்ணீர் அஞ்சலி. கட்சி மாநாட்டுப் படம் போலிருந்த அந்த விறைப்பான போட்டோவைத்தான் போட்டிருந்தார்கள். அவர்களிடம் வேறு படம் இல்லை. சிரித்த படம் இவளிடமும், ப்ரூஃபில் அண்ணாச்சியின் போனிலும் மட்டும்தான் இருந்தது. அது இப்போது ஒரு பார்சல் லாரியில் விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தக் கட்டை அந்த வீட்டில் பிரிக்கக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். ஹரிபிரசாத்தும் இருந்தான். என்ன நடந்தது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். 'கண்ணீர் அஞ்சலி தள்ளு என்று நான் எழுதினேன்' என்பதும் அதில் ஒன்று.

"சாஃப்ட்வேர் தப்பா?" என்றான் ஹரிபிரசாத்.

"இல்ல சார். நான் சொன்னதத்தான் அது செஞ்சிருக்கு."

"அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, கட்டப் பிரிக்க வேண்டாம்னு..."

சீனிவாசகம் கையை உயர்த்தினார். "துட்டி வீட்டுக்குப் போன் போட்டுக் காலண்டரப் பத்திப் பேசுவியா? அம்பது வருசத்துக் கடை. போன் பண்ண வேண்டிய நாள்ல பண்ணல. இனிமே நேர்லதான் போகணும்." அவர் பானுப்பிரியாவைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "சங்கையா சௌக்கியம் விசாரிக்காம ஒரு பிளேட்டும் போட மாட்டான். நானும் ஒனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கணும். போனைத் தூக்கி வச்சதோட விட்டுட்டேன். கெளம்பு. நான் சாயங்காலம் வாறேன்."

விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆமத்தூர் தாண்டும் வரை அவள் என்ன பேசுவது என்று யோசித்தாள். சங்கையாவின் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அம்மா எப்படி இருக்காக, பெரியவரு நடமாடுதாகளா. காலண்டரில் யார் படம் இருக்கிறதோ அவர் இருக்கிறாரா என்று நேராகக் கேட்க முடியாது. அதனால் வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் கேட்டிருக்கிறார். அவள் இத்தனை சீசனாகக் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறாள்.

பார்சல் ஆபீசில் கவுண்டரில் இருந்தவர் ரசீதைப் பார்த்துவிட்டு, "காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டாகளே," என்றார். "கடை சாத்தியிருக்குன்னு வீட்டுக்கே ஆள் வந்து எடுத்தாக."

வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. துக்கம் விசாரிக்கத் துட்டி வீட்டுக்கு வந்தவர்களை அந்தப் பக்கத்தில் யாரும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். போகிறவர்களும் போயிட்டு வாறேன் என்று சொல்லக் கூடாது. வருவதற்கும் போவதற்கும் சொல்லே தேவைப்படாத வீடு. வேறு நாளாக இருந்தால் அது அவளுக்குச் சௌகரியமாகக்கூட இருந்திருக்கும்.

கூடத்தில் கட்டு பிரிந்து கிடந்தது. பழுப்புத் தாளும் சணலும் ஒரு பக்கம், காலண்டர்கள் ஒரு பக்கம். ஒன்று சுவரில் தொங்கியது. அதற்குப் பக்கத்திலேயே மாலை போட்ட விறைப்பான போட்டோ, அதன் முன்னால் விளக்கு. ஒரே ஆள், ஒரு படத்தில் செத்தும் இன்னொன்றில் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

அன்பரசன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மொட்டையடித்த தலையில் முடி அரும்பியிருந்தது.

"பிரஸ்ஸுல இருந்தா?"

"ஆமா. தெரியாமப் போச்சு. தப்பு என்னோடதுதான். கட்ட எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எடுத்துட்டுப் போயி?" அவன் குரலை உயர்த்தவில்லை. "சங்கையா அண்ணாச்சி வருசா வருசம் போன் பண்ணுவாரு. என் அப்பாவும் அவரும் அர மணி நேரம் பேசுவாக. இந்த வருசம் அப்பா செத்துச் சாம்பலான பெறகு அவரு படத்தோட காலண்டர் வருது. கீழ என்ன எழுதியிருக்கு பாத்தீகளா? கடையில காத்திருக்காராம். கமுதியில இருந்தும் சாயல்குடியில இருந்தும் வத்தல் வெளைய வைக்கிற சம்சாரி வருவான், அண்ணாச்சி எங்கன்னு கேப்பான். நான் ஒவ்வொருத்தனுக்கும் மொத இருந்து சொல்லணும். ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா?"

 அவள் எதைச் சொன்னாலும் அது ரீடரைப் பற்றியதாக இருந்திருக்கும், அந்தக் கூடத்தில் அதைச் சொல்ல முடியாது.

உள் அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாருலே அது, சத்தம் போட்டுக்கிட்டு?"

"நான் எங்கம்மா சத்தம் போட்டேன்? பிரஸ்ஸுக்காரக."

பொன்னுத்தங்கம் சுவரைப் பிடித்தபடி வந்தாள். அண்ணாச்சியின் மனைவி. பானுப்பிரியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"தும்முன புள்ள நீதானா?"

பானுப்பிரியா தலையாட்டினாள்.

"வந்து சொன்னாக. ஒரு புள்ள ஏசி ரூமுல ஒக்காந்து வத்தல் நெடிக்குத் தும்முது, சிவகாசிக்காரிக்கு வெடிமருந்து பிடிக்குது, நம்ம வத்தல் பிடிக்கலன்னு. அன்னிக்குப் பூராவும் அதையே சொல்லிச் சிரிச்சாக." அவள் தரையில் உட்கார்ந்து ஒரு காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தச் சிரிப்பு எங்ககிட்ட இல்ல. நாப்பது வருசமாக் குடும்பம் நடத்தி, ஒரு போட்டோவுல சிரிச்சதில்ல மனுசன். காலையில கட்டப் பிரிச்சதும் எல்லாரும் பதறுறாக, எனக்கு மட்டும்..."

"அம்மா, அதுக்காக இத ஊருக்குக் குடுக்க முடியுமா?" என்றான் அன்பரசன்.

"குடுக்கச் சொல்லலியே. ஊருக்குக் குடுக்கிறதுல வெளக்குப் போட்டு, தேதி போடட்டும். அதான முறை. ஆனா படத்த மாத்தக் கூடாது. இதே படம்."

"சிரிச்ச படத்துக்குக் கீழ வெளக்கா?"

"ஏன், செத்தவுக சிரிக்கக் கூடாதா?" என்றாள் பொன்னுத்தங்கம். "இந்த ஒரு கட்டு மட்டும் இப்படியே இருக்கட்டும், எனக்கு."

அன்பரசன் அவளைப் பார்த்தான், பிறகு பானுப்பிரியாவைப் பார்த்தான். "செய்ய முடியுமா?"

"முடியும். காத்திருக்கும்கிற வரிய எடுத்துருவேன். அட்டை மட்டும் திரும்ப அடிச்சாப் போதும், தேதித்தாள் அதேதான்." தொழில் பேச்சு வந்ததும் அவளுக்கு மூச்சு சீரானது. மறைந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறந்த தேதியை அன்பரசன் சொல்ல, இல்லை, அது சர்ட்டிபிகேட் தேதி, பிறந்தது ஆவணியில் என்று பொன்னுத்தங்கம் திருத்தினாள். அதில் தொடங்கி அவருடைய சிறு வயது, கடை தொடங்கிய கதை, வத்தல் மூட்டையை அவரே தூக்கியது என்று நெடுநேரம் போனது. பானுப்பிரியா கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் இடத்தில் பொன்னுத்தங்கம் நிறுத்தினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பானுப்பிரியாவுக்குப் பட்டது.

"நீங்க நல்லா இருக்கீகளா அம்மா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பொருந்தாத கேள்வி என்று தெரிந்தது. அன்பரசன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க இருக்கேன்," என்றாள் பொன்னுத்தங்கம். "மூட்டு வலி. தூக்கமில்ல. சோறு எறங்க மாட்டேங்குது. இந்தப் பதினோரு நாள்ல இத யாரும் கேக்கல. எல்லாரும் அவுகளப் பத்தியே கேட்டுட்டுப் போறாக."

எழுந்தபோது பானுப்பிரியா எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதால்.

அட்டைகள் அந்த வாரமே திரும்ப அடிக்கப்பட்டன. சிரிப்புக்குக் கீழே சின்ன விளக்கும் இரண்டு தேதிகளும். பைண்டிங் பெண்கள் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். பொருத்தமாக இல்லை என்று ஒருத்தி சொன்னாள், நல்லாத்தான் இருக்கு என்று இன்னொருத்தி சொன்னாள்.

பானுப்பிரியா அச்சக ரீடரில் இரண்டு வேலை செய்தாள். கண்ணீர் அஞ்சலி விதியை எடுத்துவிட்டு, அந்தப் பதிவுகள் தனியாக ஓரிடத்தில் சேரும்படி வைத்தாள். காலையில் டீ வருவதற்கு முன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிடுவாள். வீட்டு லேப்டாப்பில் அந்த விதியை அப்படியே விட்டாள். இன்னொரு வேலைக்கு ஒரு வாரம் பிடித்தது. உள்ளே பிரித்து, சில வரிகள் சேர்த்தாள். வழக்கமாகப் பதிவு போடுகிற கடை ஒன்று சில நாள் சத்தமில்லாமல் இருந்தால் அதன் பெயர் மேலே வந்து நிற்கும். எழுதியதை அந்தத் திறந்த இடத்துக்கே அனுப்பினாள். இது எதற்குப் பயன்படும் என்று யாரோ ஒருவர் கேட்டிருந்தார். காலண்டர் அச்சகத்துக்கு என்று பதில் எழுதினாள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை காரியாபட்டி உரக்கடையின் பெயர் மேலே நின்றது. பொங்கலுக்குக் கொடுக்க அவர்கள் கூடுதலாகக் கேட்ட காலண்டருக்கு அன்றைக்குப் பிளேட். அட்டையில் கடைக்காரரும் அவருடைய அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம். அவள் சங்கையாவின் போனை எடுத்துக் கடை நம்பருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கடைக்காரரே எடுத்தார்.

"அண்ணாச்சி, பிரஸ்ஸுல இருந்து பானுப்பிரியா. சௌக்கியமா இருக்கீகளா? அப்பா எப்படி இருக்காக?"

"அப்பாவா? அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. என் போனுதான் தாயி கெணத்துல விழுந்துருச்சு. அதுல இருந்துதான் போஸ்ட்டு போடுவேன். எப்படி விழுந்துச்சுன்னு கேளு, ஞாயித்துக்கிழமை தோட்டத்துல மோட்டாரு..."

பானுப்பிரியா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அடுத்த கடையின் ஃபைலைத் திறந்தாள். அவருடைய கதை இன்னும் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. அவள் குறுக்கிடாமல், "ம்," என்றாள். கொஞ்சம் விட்டு, "அம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டாள்.